பேசிவைத்து ஆடாத ஆட்டம்

கல்யாணம் ஆகி நாலு வருஷம் வரை நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சதுரங்க ஆட்டத்தைக்கூட முடித்ததில்லை. ஆரம்பித்த ஆட்டங்கள் ஏராளம். உலை பொங்கும், பிள்ளை அழும், மாமி குளிக்க வெந்நீர் கேட்பார், தங்கள் மகனுக்குக் கணக்கு சொல்லித்தர முடியுமா என்று யாராவது வந்து வாசலில் நிற்பார்கள். பலகையை அப்படியே எடுத்து ஜன்னல் மேடையில் வைப்போம். மறுநாள் பார்த்தால் மகள் ஒரு குதிரையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருப்பாள். எங்கள் இரண்டு பேரில் யார் நன்றாக ஆடுகிறவர் என்பது வீட்டில் தெரிய வழியே இல்லாமல் இருந்தது. நாங்கள் முதன்முதலாக ஒரு ஆட்டத்தை முடித்தது நாகர்கோவிலில் ஒரு வாசகசாலையில், பெஞ்சு நிறைய ஆட்கள் பார்த்திருக்க, ஓணப் போட்டியின் கடைசி நாளில். முப்பத்தைந்தாம் வருஷம் என்று நினைக்கிறேன்.

அவர் பையன்களின் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் மிஷன் பெண்கள் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். அவர் கற்றது நாட்டு ஆட்டம். அதில் காலாள் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். நான் ஆசிரியப் பயிற்சிக்காக விடுதியில் இருந்தபோது அங்கே ஒரு பலகை கிடந்தது, கூடவே அச்சடித்த விதிகளும். நாங்கள் நாலைந்து பெண்கள் அதைப் படித்து, இங்கிலீஷ் முறையில் ஆடக் கற்றுக்கொண்டோம். காலாள் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போகலாம் என்பதை என் வீட்டுக்காரருக்குச் சொன்னவள் நான்தான். "தொரைமாருக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று சொல்லிவிட்டு அவரும் கற்றுக்கொண்டார். ஆனாலும் கை பழகிய அளவுக்கு அவருக்கு அது மனதில் பழகவில்லை. இது பின்னால் அவருக்கு ஒரு ஆனையைச் செலவு வைத்தது.

வாசகசாலை அவர் தினமும் மாலையில் போகிற இடம். பத்திரிகை படிப்பார்கள், கேரம் ஆடுவார்கள், சிலர் சீட்டும் ஆடுவார்கள். அந்த ஓண விடுமுறையில் சதுரங்கப் போட்டி நடத்துவதென்று முடிவு செய்தார்கள். எட்டுப் பேர், ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஒரு ஆட்டம். ஜெயித்தால் ஒரு புள்ளி, சமன் என்றால் அரை. முதலில் வருகிறவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை, அடுத்தவருக்கு ஒரு குடை. இங்கிலீஷ் விதிகள்தான் என்று அறிவித்துவிட்டார்கள். தொடங்குவதற்கு முந்தைய நாள், எட்டுப் பேரில் ஒருவரான வனத்துறை ரேஞ்சர் மலைக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"ஒரு ஆள் கொறையுது. நீ வாறியா?"

"எங்க?"

"செஸ் ஆட."

"பிள்ளைய யாரு பாப்பா?"

"அம்மை பாப்பா."

உள்ளேயிருந்து மாமி, "அம்மை எல்லாத்துக்கும் உண்டு" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த வாசகசாலைக்குள் அதுவரை பெண்கள் யாரும் போனதில்லை. போகக் கூடாது என்று எழுதி ஒன்றும் வைக்கவில்லை. யாருக்கும் போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். செயலாளராக இருந்தவர் ஒரு வக்கீல். கமிட்டியில் ஒருவர், "இன்னைக்கு செஸ்சு, நாளைக்கு சீட்டாடவும் வருவாளுவளா?" என்று கேட்டாராம். வக்கீல் தாம் அச்சடித்த அறிவிப்பை எடுத்துக் காட்டியிருக்கிறார். "ஆட்டக்காரர்னுதான் போட்டிருக்கு. ஆம்பளைன்னு போடல்ல. டீச்சர் வரலாம்." சட்டம் அவர் பக்கம் இருந்தது, ஆளும் குறைந்தது. என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். என் மேஜையை மட்டும் பக்கவாட்டுக் கதவை ஒட்டிப் போட்டார்கள், முன்வாசல் வழியாக வந்துபோக வேண்டாம் என்பதற்காக. அந்த இடத்தில்தான் நல்ல காற்று வந்தது. அதனால் இரண்டாம் நாளிலிருந்து பத்திரிகை படிக்கிறவர்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்கள்.

முதலில் எனக்கு எதிராக வந்தவர் ஒரு டாக்டர். பெண்பிள்ளைக்கு நேர் எதிரே உட்காரக் கூச்சப்பட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கழுத்தை மட்டும் திருப்பினார். பாதி ஆட்டத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு நேராக உட்கார்ந்து ஆடி என்னை ஜெயித்தார். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் என்னிடம் தோற்றார். எழுந்து போகும்போது, "காலையிலேருந்தே தலைவலி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஜெயித்ததும் தோற்றதுமாக நான் எட்டுப் பேரில் நடுவில் எங்கேயோ இருந்தேன். எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

முன்னால் போய்க்கொண்டிருந்தவர் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்திருந்த கொப்பரை வியாபாரி. கனத்த மனிதர், தலையில் வெள்ளைத் தொப்பி. போட்டி முடியும்வரை கோட்டாற்றில் சொந்தக்காரர் ஒருவரின் மண்டியில் தங்கியிருந்தார். ஆடும்போது வாய் பேச மாட்டார். ஆட்டம் முடிந்தால் எதிராளியின் நல்ல நகர்த்தல்களைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டுவார், தோற்றவருக்கு அதைக் கேட்க இன்னும் எரிச்சலாக இருக்கும். என்னையும் ஜெயித்துவிட்டு, "டீச்சர் கொள்ளாம். அவசரம் மாத்திரம் இல்லாம இருந்தா இன்னும் கொள்ளாம்" என்று என் ஆட்டத்தையும் மெச்சினார். அவருக்கு அடுத்தபடியாக, சரியாக ஒரு புள்ளி பின்னால் இருந்தவர் என் வீட்டுக்காரர்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் கொப்பரைக்காரரின் ஆட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. பாக்கி இருந்த ஆட்டங்களில் அவரைத் தொடக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: என் வீட்டுக்காரரும் நானும். வீட்டுக்காரர் என்னை ஜெயித்தால் புள்ளி சமமாகும். கோப்பைக்காக அவர்கள் இருவரும் இன்னொரு ஆட்டம் ஆடுவார்கள். சமன் ஆனாலோ தோற்றாலோ கோப்பை தேங்காய்ப்பட்டணத்துக்கு. சீட்டுக் குலுக்கிப் போட்டபோது யாரும் இப்படி வரும் என்று யோசிக்கவில்லை. இப்போது எல்லோரும் யோசித்தார்கள். யோசித்த எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள்.

அந்த முடிவை எனக்கு நேராகச் சொன்னவர் மாமி மட்டும்தான். மறுநாள் காலை நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, ஒனக்கு கோப்பை கிடைக்குமா?"

"கிடைக்காது மாமி."

"அவனுக்கு?"

"ஜெயிச்சா கிடைக்கலாம்."

"அப்பம் என்னத்துக்கு யோசிக்க? விட்டுக்குடு. வீட்டுக்குத்தானே வருது."

அந்தப் பேச்சில் எங்கேயும் ஓட்டை இல்லை. நானும் ராத்திரி படுக்கையில் அதையேதான் நினைத்திருந்தேன். "அவிய கேட்டா பாக்கலாம் மாமி" என்றேன்.

"அவன் கேப்பானா? வாயத் தொறந்து மோர் கேக்கமாட்டான்."

அது உண்மை. என் வீட்டுக்காரர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அன்று அவர் ஏதாவது ஒன்றைச் சொல்வார் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். 'விட்டுக்கொடு' என்று சொன்னால் எனக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் விட்டுக்கொடுத்திருப்பேன். 'நன்றாக ஆடு' என்று சொன்னால் சந்தோஷமாக இருந்திருக்கும். அவர் சவரம் செய்தார், பிள்ளைக்குத் தலை வாரிவிட்டார், சாப்பிட்டார். மத்தியானம் இரண்டு பேரும் கிளம்பினோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரே குடை, என் கையில். பாதி வழியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அவர் நின்று யோசித்தார். "கொடைய நேரா பிடி. ஒனக்கு ஒரு தோள் நனையுது" என்றார்.

மீதி வழி முழுக்க நான் உள்ளுக்குள் புகைந்துகொண்டே நடந்தேன். வாசகசாலைப் படி ஏறும்போது ஒன்று தீர்மானமாகிவிட்டது. என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அதனால் நான் யாருக்கும் எதையும் கொடுக்கப் போவதில்லை.

உள்ளே வழக்கத்தைவிட ஆள் அதிகம். செயலாளர் வக்கீல் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார். கொப்பரைக்காரர் என் வீட்டுக்காரரின் தோளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார். பெஞ்சில் இடம் கொடுத்தும் உட்காரவில்லை. இன்ஸ்பெக்டர் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு, "இன்னைக்கு ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சிரும் வே, நாலு மணிக்கு நான் வேற சோலிக்குப் போலாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அது கேட்டது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை எனக்கு, கறுப்பு அவருக்கு என்று விழுந்தது.

ஆட ஆரம்பித்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. வீட்டில் அவர் ஆடுவது வேறு ஆட்டம். அங்கே ஒரு கையால் பிள்ளையைத் தட்டிக்கொண்டு, பாதிக் கவனத்தில் காயை நகர்த்துவார். இங்கே இரண்டு முழங்கைகளையும் மேஜையில் ஊன்றி, உள்ளங்கைகளால் நெற்றியைத் தாங்கி, பலகையை மட்டும் பார்த்தார். இப்படி ஒரு மனிதரை நான் நாலு வருஷத்தில் பார்த்ததில்லை. அவரும் என்னைப் பற்றி அப்படி ஏதாவது நினைத்தாரோ என்னவோ.

கொஞ்ச நேரத்தில் அவருடைய நேரே ஓடும் தேர் ஒன்றும் கோணலாக ஓடும் ஆனை ஒன்றும் ஒரே வரிசையில், நடுவில் ஒரு கட்டம் விட்டு நின்றன. என் காலாள் ஒன்று இன்னும் நகராமல் தன் இடத்திலேயே இருந்தது. அது ஒரு கட்டம் போனால் ஒன்றும் ஆகாது. இரண்டு கட்டம் போனால் தேரையும் ஆனையையும் ஒரே நேரத்தில் குத்தும். நான் அதை இரண்டு கட்டம் தள்ளினேன். நாட்டு ஆட்டத்தில் வளர்ந்த கண்ணுக்கு அது தெரிந்திருக்கவில்லை. தேரைக் காப்பாற்றிக்கொண்டார்; ஆனை எனக்கு வந்தது.

பெஞ்சில் சலசலப்பு எழுந்தது. "வீட்டம்மைக்கு வெத்தில பாக்கு வைக்காரு" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். வக்கீல், "பேசப்பிடாது" என்றார்.

எனக்கே அப்போது ஒரு சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே கொடுத்தாரா? கோப்பை வேண்டாம், மனைவிக்கு மானம் போகாமல் இருக்கட்டும் என்று நினைத்துவிட்டாரா? அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. ஆனால் அவமானமோ கோபமோ வந்தால் அவருடைய காது சிவந்துவிடும். அது அவருக்கே தெரியாது. மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு காதும் செம்பருத்தி மாதிரி இருந்தன. கொடுக்கவில்லை, இழந்திருக்கிறார். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. காதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதற்காக ஒரு நிமிஷம் வெட்கமாகவும் இருந்தது.

ஒரு ஆனை அதிகமாக இருந்தால் பொறுமையாக ஆடினால் போதும். கொப்பரைக்காரர் சொன்ன அவசரம் என்னை விட்டுப் போகவில்லை. என் மந்திரியை, இங்கிலீஷில் ராணி என்கிற காயை, எதிர்மூலைக்கு அனுப்பி ஒரு காலாளைத் தின்னப் போனேன். தேரும் கூடவே போயிற்று. இரண்டுமாகச் சேர்ந்து அவருடைய ராஜாவை மடக்கிவிடலாம் என்று கணக்கு. அதற்குள் அவருடைய மந்திரி என் வீட்டுக்குள் இறங்கிவிட்டது. என் ராஜாவுக்கு முன்னால் நின்ற காலாள்களில் நடுவில் இருந்ததை முன்பே இழந்திருந்தேன். அந்த இடைவெளி வழியாக அவர் மந்திரியை வைத்து, "அரசு" என்றார். ராஜாவைத் தாக்கும்போது எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

ராஜாவை மூலைக்கு நகர்த்தினேன். "அரசு" என்றார், வேறு கட்டத்திலிருந்து. மூலையிலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு வந்தேன். மந்திரி பழைய இடத்துக்கே திரும்பிற்று. "அரசு." மறுபடி மூலை. எனக்கு வேறு வழி இல்லை. அந்த இரண்டு கட்டங்களை விட்டு வெளியே வரவே முடியாது; அவரும் அரசு சொல்வதை நிறுத்தினால் அடுத்த கணமே என் தேரும் மந்திரியும் அவருடைய ராஜாவின்மேல் பாயும். இப்படியே போனால் ஒரே நிலை மூன்று தடவை வந்துவிடும். வந்தால் விதிப்படி சமன்.

இரண்டாவது தடவை அதே நிலை வந்ததும் அவர் நிறுத்தினார். நெற்றியைத் தாங்கிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். வெளியே மழை வலுத்தது. யாரோ எழுந்து ஜன்னலைச் சாத்தினார்கள். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லாததால் நானும் பலகையைப் பார்த்தேன், அவருடைய பக்கத்திலிருந்து. அப்போதுதான் குதிரை கண்ணில் பட்டது.

அவருடைய குதிரை பலகையின் நடுவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் சும்மா நின்றிருந்தது. மந்திரியால் அரசு சொல்வதை ஒரே ஒரு தடவை நிறுத்திவிட்டு, அந்தக் குதிரையை ஓரத்துக்குத் தாவ வைத்தால் போதும். அடுத்த நகர்த்தலில் மந்திரி என் ராஜாவின் மூக்குக்கு முன்னால் வந்து உட்காரும். குதிரை அதற்குக் காவல். எனக்கு அடைப்பு, ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. நடுவில் எனக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும்தான். நான் ஒரு அரசு சொல்லலாம், மிஞ்சிப்போனால் இரண்டு. அவருடைய ராஜா ஒரு காலாளுக்குப் பின்னால் ஏறி ஒளிந்துகொள்ளும். அவ்வளவுதான். ஆட்டம் அவருக்கு.

முதல் பயம், என் கண் அந்தக் குதிரையின்மேல் இருப்பதை அவர் பார்த்துவிடுவாரோ என்று. உடனே கண்ணை எடுத்து வக்கீலின் மைக்கூட்டைப் பார்த்தேன். அப்புறம் அதுவும் சந்தேகம் கிளப்புமோ என்று பலகையின் மறுமூலையில், ஒன்றுக்கும் ஆகாமல் நின்ற என் சொந்தக் காலாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சுகூடச் சத்தம் இல்லாமல் விட்டேன். அவர் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு அப்போது கொஞ்சமும் தோன்றவில்லை. பக்கத்தில் படுக்கிற மனிதர், நாலு வருஷமாக அந்தக் கோப்பைக்காக இல்லாவிட்டாலும் இப்படி ஒரு நாளுக்காகத் தினமும் வாசகசாலைக்கு வந்தவர், அதெல்லாம் தெரியும். 'குதிரையைத் தொடாதே, தொடாதே' என்பதுதான் மனதில் ஓடிற்று.

அவர் கை பலகைக்கு மேலே வந்தது. ஒரு கணம் நின்றது. மந்திரியை எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்து, "அரசு" என்றார்.

நான் ராஜாவை மூலையில் வைத்தேன். அவர் மறுபடி அரசு சொல்ல, நான் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தேன். வக்கீல் புத்தகத்தில் விரலை வைத்தபடி, "மூணாவது தடவை. சமன் கேக்கிறவங்க கேக்கலாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் முதன்முறையாக என்னைப் பார்த்தார். "போதுமா?"

"போதும்" என்றேன்.

பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, அப்புறம் சிரிப்பு. இன்ஸ்பெக்டர் கைதட்டினார். "அருமையான ஒத்துமை வே! நீயும் தோக்கண்டாம், நானும் தோக்கண்டாம்." டாக்டர், "ராத்திரி சாப்பாடு கிடைக்கணும்லா" என்றார். ஒருவர்கூட அதை நிஜ ஆட்டம் என்று நம்பவில்லை. அவர் ஜெயித்திருந்தால் ஏமாற்று என்று சொல்லியிருப்பார்கள்; தோற்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். சமன் வந்ததும், வீட்டில் பேசிவைத்துக் கொஞ்சம் அழகாக ஆடிக் காட்டினார்கள் என்று ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் காய்களைப் பெட்டியில் அடுக்கினார். கோப்பை கொடுப்பதற்காக வக்கீல் எல்லோரையும் கூட்டிக்கொண்டிருந்தார். கொப்பரைக்காரர் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"டீச்சர் அந்தக் குதிரையக் கண்டியளா?"

"கண்டேன்."

"எனக்குத் தெரியும். நான் ஸாரின்ட பொறத்தால நின்னு உங்க முகத்தத்தான் பாத்துட்டு நின்னேன். குதிரையில விழுந்த கண்ணு வெலகி மைக்கூட்டுக்குப் போச்சு. அப்பமே நெனச்சேன், இது ஒத்து ஆடுற ஆட்டம் இல்லன்னு." பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஆனா எனக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சுது கேட்டியளா" என்றார்.

கோப்பையை வாங்கும்போது அவர் இரண்டு வார்த்தை பேசினார். இந்தப் போட்டியில் தாம் பார்த்ததில் மிக நல்ல ஆட்டம் கடைசியில் நடந்ததுதான் என்றும், அதை நம்பாதவர்கள் தம்மோடு ஒரு ஆட்டம் ஆட வரலாம் என்றும் சொன்னார். ஜெயித்தவர் தாராளமாகப் பேசுவது வழக்கம்தானே என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரருக்குக் குடை கிடைத்தது. போகும்போது இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு குடை. மழை விட்டிருந்ததால் இரண்டையும் மடக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

வீட்டில் மாமி வாசலிலேயே கேட்டார். சமன் என்றால் என்ன என்று விளக்கவேண்டி வந்தது. கேட்டு முடித்துவிட்டு, "ரெண்டு பேரும் போயி, ரெண்டு பேரும் ஜெயிக்காம வந்திருக்கிய. கொள்ளாம்" என்று சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டார்.

விளக்கு வைத்த பிறகு நான் பலகையை எடுத்துத் தரையில் வைத்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்த அந்த நிலையை அப்படியே அடுக்கினேன். அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். நான் அவருடைய குதிரையை எடுத்து ஓரத்தில் வைத்தேன்.

வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பமே பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரு கண்ணு காட்டியிருக்கலாம்லா?"

"எதிராளிக்கு யாராவது கண்ணு காட்டுவாவளா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"குதிரைய நானும் பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெறவு?"

"பாத்தேன். ஆனா நீ அரசு சொன்னா என் ராஜா எங்க போவும்னு முழுசா தெரியல்ல. தப்பிப்பேன்னுதான் தோணிச்சு. நிச்சயம் இல்ல. எதிர்ல வேற யாரும் இருந்திருந்தா வச்சிருப்பேன். தோத்தா தோத்துட்டுப் போறேன்." பிள்ளையை மடியில் சரியாக இருத்தினார். "ஒங்கிட்ட தோத்துட்டு அந்த வாசல் வழியா எறங்கி வர எனக்குத் தைரியம் இல்ல. அதான் சமன்."

ஒரு நிமிஷம் வலித்தது. என்னிடம் தோற்பது அவ்வளவு கேவலமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அதற்குள் வேறு ஒன்று தோன்றிவிட்டது. இந்த மனிதர் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார். தயவில் இல்லை, பாசத்தில் இல்லை. நான் ஜெயித்துவிடுவேன் என்ற நிஜமான பயத்தில் அரைப் புள்ளியை எடுத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கிறார். பள்ளியில் எனக்குக் கிடைத்த எந்த நற்சான்றும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

"காலையிலேயே ஏன் ஒண்ணும் சொல்லல்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"என்ன சொல்ல? விட்டுக்குடுன்னா அது அசிங்கம். நல்லா ஆடுன்னா நீ நல்லா ஆடிருவ."

பள்ளி திறந்ததும் பேச்சு அங்கேயும் வந்தது. எங்கள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "விட்டுக் கொடுத்தீங்களா, இல்லியா?" என்று விசாரித்தார். இல்லை என்றேன். "நல்லது. ஆனா நம்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவை எடுத்தார். என் வீட்டுக்காரருடைய பள்ளியில் கூட வேலை பார்க்கும் ஒருவர், "வே, வீட்டுக்காரிக்குப் பயந்துதானே சமன் ஆடினீரு?" என்று கேட்டிருக்கிறார். இவர், "ஆமா வே, பயந்துதான்" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். நல்ல வேடிக்கை என்று அந்த அறை முழுக்கச் சிரித்ததாம்.

மறு வருஷம் ஓணம் வருவதற்கு முன்னால் வாசகசாலைக் கமிட்டி ஒரு புது விதி போட்டது. ஒரு வீட்டிலிருந்து ஒரு ஆட்டக்காரர்தான் சேரலாம். யாரை மனதில் வைத்துப் போட்டார்கள் என்பதில் ரகசியம் இல்லை. என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். எதிர்த்துப் பேசவில்லை, கையைத் தூக்கிச் சம்மதமே சொன்னாராம். எனக்கு அதைக் கேட்டதும் சுருக்கென்றது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "பேரு குடுத்துட்டேன்" என்றார்.

"ஒங்க பேரா?"

"ஒம்பேரு. ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான்னு அவனுவளே சொல்லிட்டானுவ. எந்த ஆளுன்னு சொல்லல்ல."

கமிட்டியில் இன்னொரு கூட்டம் போட வேண்டியிருந்திருக்கும். ஆனால் அந்த வருஷமும் ஆள் எட்டு தேறவில்லை. கொப்பரைக்காரர் கொழும்புக்குப் போயிருந்தார். இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் ஆகியிருந்தது. வக்கீல் என் பெயரை எழுதிக்கொண்டார். மேஜையை இந்த முறை கதவோரம் போடவில்லை, மற்ற மேஜைகளோடு சேர்த்துப் போட்டார்கள். காற்று வரவில்லை.

என் வீட்டுக்காரர் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. நான் ஒரு காயை நகர்த்தினால் தொண்டையைக் கனைப்பார். எதிராளி நகர்த்தினால் உச்சுக்கொட்டுவார். இரண்டாம் நாள் எனக்கு எதிரே இருந்த டாக்டர், "ஸாரு சமிக்ஞை காட்டுறாரு" என்று புகார் சொன்னார். அவர் காட்டவில்லை, அவரால் அடக்க முடியவில்லை, அவ்வளவுதான். வக்கீல் எழுந்து வந்து, மரியாதையாகத்தான், வெளியே போய் இருக்கும்படி கேட்டுக்கொண்டார். அவரும் எழுந்து போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், முற்றத்தில் வேப்பமரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு.

அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன். போட்டியில் மூன்றாவதாக வந்தேன். மூன்றாவதுக்குப் பரிசு கிடையாது. அன்று ஆட்டம் முடிந்து நான் வெளியே வந்ததும் அவர் கேட்டார்.

"என்ன ஆச்சு?"

"தோத்துட்டேன்."

"எங்க பெழச்சிது?"

"அவருக்க தேர வெட்டி எடுத்திருக்கப்பிடாது. அதுக்கு முன்ன ராஜாவ ஒதுக்கியிருக்கணும்."

"தேர எடுத்தியா? ஏன் எடுத்த? சும்மா கெடந்துதா அது?"

"அது சும்மாதான் கெடந்துது."

"சும்மா கெடக்காது. அவரு சும்மா போடுற ஆளா?"

வீடு வரும்வரை அந்தத் தேரைப் பற்றியே வாக்குவாதம். மாமி பிள்ளையோடு வாசலில் நின்றிருந்தார். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு வருகிறோம் என்று நினைத்து உள்ளே போய்விட்டார்.